சிமெண்ட் நீரில் கால்சியம்: பாலிமர் ஒட்டுவதும் விலகுவதும்

வேதியியல் துறையாரும் கட்டுமானத் துறையாரும் ஒரே அரங்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. இன்று நான் பேசப்போகும் பொருள் இரண்டு துறைகளுக்கும் நடுவில் கிடக்கிறது. அதனாலேயே இரு தரப்பாரும் அதைப் பெரும்பாலும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கணக்கோடு தொடங்குகிறேன். கடையில் வாங்கும் ஒரு மூட்டை சிமெண்ட் 50 கிலோ. அந்தத் தூளின் மேற்பரப்பு கிலோவுக்கு 300 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூட்டைக்குள் 15,000 சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருக்கிறது. நிலக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 3.7 ஏக்கர். இன்றைய ரெடிமிக்ஸ் ஆலைகளில் அந்த மூட்டைக்குச் சேர்க்கும் பாலிகார்பாக்சிலேட் என்ற பாலிமர் அட்மிக்சரில் தண்ணீரை நீக்கிவிட்டு எடை பார்த்தால் 75 கிராம் அளவில் நிற்கும். சதுர மீட்டருக்கு 5 மில்லிகிராம். அதிலும் ஒரு பகுதி பரப்பில் ஒட்டாமல் நீரிலேயே நின்றுவிடும். இவ்வளவு சிறிதளவு பொருள்தான், கரண்டியில் அள்ளினால் விழாத கலவையைக் குழாய் வழியாக ஓடும் கலவையாக மாற்றுகிறது. அந்தப் பாலிமர் மூலக்கூறு சிமெண்ட் துகளை எப்படிப் பிடித்துக்கொள்கிறது? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில், பாலிமர் இல்லாவிட்டால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். சிமெண்ட்டைத் தண்ணீரில் கொட்டியதும் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. கேழ்வரகு மாவைச் சுடுநீரில் கொட்டினால் கட்டி தட்டுமே, ஏறக்குறைய அப்படி. கட்டிகளின் இடுக்கில் தண்ணீர் சிறைப்பட்டுவிடுகிறது. கலவை ஓட வேண்டுமானால் மேலும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. ஊற்றிய மிகைநீர் பின்னாளில் நுண்துளைகளாக மிஞ்சுகிறது; கான்கிரீட்டின் வலிமையும் குறைகிறது, ஆயுளும் குறைகிறது. பாலிமர் துகளின் மேல் படிந்து துகள்களை விலக்கி வைத்தால் சிறைப்பட்ட நீர் விடுபடும். குறைந்த தண்ணீரிலேயே கலவை ஓடும்.

காகித ஆலைக் கழிவிலிருந்து கிடைத்த லிக்னோசல்ஃபோனேட்டை 1930-களிலேயே இதற்குப் பயன்படுத்தினார்கள். அது 5 முதல் 10 விழுக்காடு தண்ணீரைக் குறைத்தது. 1960-களில் ஜப்பானில் கெனிச்சி ஹட்டோரி நாஃப்தலீன் சல்ஃபோனேட் வகையை உருவாக்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியில் மெலமைன் வகை வந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானிய வேதியியலாளர்கள் பாலிகார்பாக்சிலேட் ஈதரைக் கண்டுபிடித்தார்கள். சீப்பு வடிவ மூலக்கூறு அது. முதுகெலும்பாக ஒரு நீண்ட சங்கிலி, அதில் எதிர்மின்னூட்டம் கொண்ட கார்பாக்சிலேட் தொகுதிகள். பக்கவாட்டில் பாலிஎத்திலீன் கிளைக்கால் கிளைகள். 40 விழுக்காடு வரை தண்ணீரைக் குறைக்க முடிந்தது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹஜிமே ஒகமுரா 1988-இல் தானே பரவி நிரம்பும் கான்கிரீட்டைச் செய்து காட்டினார். துபாயின் புர்ஜ் கலீஃபாவுக்காக 600 மீட்டருக்கு மேல் கான்கிரீட்டைப் பம்ப் செய்ய முடிந்ததும் இந்த வேதியியலின் துணையால்தான்.

பாடநூல்களிலும் விற்பனைக் கையேடுகளிலும் இதை விளக்க ஒரு படம் போடுவார்கள். சிமெண்ட் துகள் மேல் கூட்டல் குறிகள். பாலிமரின் மேல் கழித்தல் குறிகள். எதிரெதிர் மின்னூட்டம் ஈர்க்கும், ஆகவே ஒட்டுகிறது. மாணவர்கள் தேர்வில் இதை அப்படியே வரைந்து முழு மதிப்பெண் பெறுகிறார்கள். இந்தப் படம் சிமெண்ட்டின் ஒரு சிறு பகுதிக்கு மட்டுமே பொருந்தும். அலுமினேட் கனிமம் ஜிப்சத்தோடு வினைபுரிந்து உண்டாக்கும் எட்ரிங்கைட் படிகங்கள் நேர்மின்னூட்டம் கொண்டவை. ஜெர்மனியில் மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யோஹான் பிளாங்க் குழுவினர் அளந்து காட்டியபடி, பாலிமரை அவையே பெருமளவு பிடித்துக்கொள்கின்றன. ஆனால் சிமெண்ட்டில் முக்கால் பங்குக்கு மேல் கால்சியம் சிலிகேட்டுகள். அவற்றின் பரப்பில் உள்ள சிலனால் தொகுதிகள் காரநீரில் புரோட்டானை இழந்து எதிர்மின்னூட்டம் பெறுகின்றன. கலவையில் சேரும் சாம்பல், கசடு, சிலிக்கா, களிமண் இவையும் அப்படியே. எதிர்மின்னூட்டப் பரப்பில் எதிர்மின்னூட்டப் பாலிமர் எப்படி ஒட்டும்? படத்தை வரைந்த யாரும் இந்தக் கேள்விக்கு விடை சொல்லவில்லை.

விடை சுரங்கத் தொழிலில் முன்பே கிடைத்திருந்தது. நொறுக்கிய தாதுவை நீரில் கலக்கிக் காற்றுக்குமிழ் விட்டு, வேண்டிய கனிமத்தை நுரையோடு மிதக்கவைக்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இதில் குவார்ட்ஸ் ஒரு தொல்லை. அதன் பரப்பு பி.எச். 2 அல்லது 3-க்கு மேலே எதிர்மின்னூட்டம் கொண்டது. ஓலியேட் போன்ற கொழுப்பமில உப்பும் எதிர்மின்னூட்டம் கொண்டது. தூய நீரில் குவார்ட்ஸ் இந்த உப்பை ஏறெடுத்தும் பார்க்காது. நீரில் கால்சியம் இருந்து, பி.எச். 11-ஐத் தாண்டி ஏறினால் நிலைமை மாறுகிறது. குவார்ட்ஸ் மிதக்கத் தொடங்குகிறது. மாரிஸ் ஃபர்ஸ்டெனௌ போன்றவர்கள் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். நீராற்பகுப்பு அடையும் உலோக அயனிகள் ஆக்சைடு பரப்பில் ஏன் இவ்வளவு வலுவாகப் படிகின்றன என்பதை 1972-இல் ஜேம்ஸும் ஹீலியும் விளக்கினார்கள். கால்சியம் பரப்பின் மேல் உட்கார்ந்த பிறகு, எதிர்மின்னூட்ட மூலக்கூறுக்கு அங்கே பிடிப்பு கிடைக்கிறது.

இப்போது சிமெண்ட்டுக்குத் திரும்புங்கள். சுரங்கக்காரர்கள் கால்சியத்தைத் தனியே சேர்த்தார்கள். சிமெண்ட்டில் அது தானாகவே வருகிறது. தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் துகள்களிடையே உள்ள நீர் சுண்ணாம்பு தெவிட்டிய நீராகிறது: லிட்டருக்கு 20 மில்லிமோல் அளவில் கால்சியம், பெரும்பாலும் அதற்குச் சற்று மேலேயே. பி.எச். 12.5-ஐத் தாண்டுகிறது. அதாவது குவார்ட்ஸ் மிதக்கத் தொடங்கும் அதே சூழல். சிமெண்ட்டோடு கலக்கும் சுண்ணாம்புக்கல் தூள் விஷயத்திலும் இப்படித்தான். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து அமெரிக்கா சென்று, கனிமப் பரப்புகளின் வேதியியலில் உலகப் பெயர் பெற்ற பொன்னிசேரில் சோமசுந்தரன், ஏகருடன் சேர்ந்து 1967-இல் சுண்ணாம்புக்கல்லின் கனிமமாகிய கால்சைட்டின் மின்னூட்டம் எங்கே பூஜ்யமாகிறது என்று ஆராய்ந்து எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கால்சைட்டின் மின்னூட்டத்தைத் தீர்மானிப்பதில் நீரிலுள்ள கால்சியத்துக்கே பெரும்பங்கு உண்டு என்பது அதன்பின் வந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆகவே சுண்ணாம்புக்கல் எந்த மின்னூட்டம் கொண்டது என்று என்னிடம் யாராவது கேட்டால், எந்த நீரில் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

இங்கே ஒரு கோட்பாட்டுச் சிக்கல் இருக்கிறது. இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். எதிர்மின்னூட்டப் பரப்பை நோக்கிக் கால்சியம் வந்து அந்த மின்னூட்டத்தை ஈடுசெய்யும் என்பது எளிதாகப் புரியும். ஈடுசெய்வதோடு நிற்காமல், பரப்பையே நேர்மின்னூட்டமாக மாற்றிவிடுகிறதே, அது எப்படி? சிமெண்ட்டின் பசையாகிய கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டை அளந்தபோது, கால்சியம் லிட்டருக்கு 2 மில்லிமோல் அளவைத் தாண்டியதும் அதன் பரப்பின் மின்னூட்டத்தைக் காட்டும் ஜீட்டா மின்னழுத்தம் எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறிக்கு மாறியது. 1910-களில் கூயும் சாப்மனும் வகுத்த மின்னிரட்டை அடுக்குக் கோட்பாட்டில் இதற்கு இடமில்லை. அந்தக் கோட்பாடு அயனிகளைச் சராசரியாகப் பரவிய மேகமாக எடுத்துக்கொள்கிறது. இரட்டை மின்னூட்டம் கொண்ட கால்சியம் அயனிகளோ ஒன்றையொன்று அறிந்து, விலகி விலகி, ஒழுங்காக அமர்கின்றன. இந்த இணக்கத்தைக் கணக்கில் எடுத்தால், ஒரே மின்னூட்டம் கொண்ட இரண்டு பரப்புகள்கூட ஒன்றையொன்று ஈர்க்கும் என்று ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் போ யோன்சன் உள்ளிட்ட குழுவினர் 1984-இல் கணினி உருவகத்தால் காட்டினார்கள்.

அந்தக் கணக்கு நெடுநாள் கோட்பாட்டாளர்களின் வட்டத்துக்குள்ளேயே இருந்தது. பிரான்சின் டிஜோன் நகரில் ஆந்த்ரே நோனா, கிறிஸ்டோஃப் லாபே ஆகியோர் லுண்ட் குழுவோடு கைகோத்து அதைச் சிமெண்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இறுகிய சிமெண்ட்டைப் பிடித்துவைத்திருக்கும் விசையே இந்தக் கால்சியம் இணக்கத்தால் வருவது என்று 2000-களில் அவர்கள் எழுதினார்கள். 2011-இல் துரேசன், லாபே, நோனா மூவரும் அதே கணக்கைப் பாலிமருக்குச் செய்தார்கள்: பரப்பும் எதிர்மின்னூட்டம், பாலிமரும் எதிர்மின்னூட்டம், நடுவில் கால்சியம். பாலிமர் ஒட்டியது. என் வாழ்நாளில் நான் படித்த சிமெண்ட் ஆய்வுகளில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த வரிசை. கட்டடத்தை நிற்கவைக்கும் விசையும், கலவையை ஓடவைக்கும் பாலிமரைப் பரப்பில் நிறுத்தும் விசையும் ஒரே அயனியின் வேலை என்று தெரிந்த நாளில், எங்கள் ஆய்வகத்தில் அன்றைய வேலையை நிறுத்திவிட்டு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இதுவரை பரப்பைப் பற்றியே பேசினேன். கால்சியம் பாலிமரையும் சும்மா விடுவதில்லை. கார்பாக்சிலேட் தொகுதிகள் நெருக்கமாக அமைந்த சங்கிலியில் மின்னூட்டங்களுக்கிடையே கால் நானோமீட்டர்தான் இடைவெளி இருக்கும். அவ்வளவு நெருக்கத்தில், எதிர் அயனிகளில் ஒரு பங்கு சங்கிலியின் மேலேயே ஒடுங்கிப் படிந்தாக வேண்டும் என்று 1969-இல் ஜெரால்டு மானிங் கணித்தார். சோடியத்தைவிடக் கால்சியம் இதை அதிகமாகச் செய்யும். சோடியம் பாலிஅக்ரிலேட் கரைசலில் போதுமான கால்சியத்தைச் சேர்த்துப் பாருங்கள். தெளிந்த நீர் பால்போல் கலங்கும், சங்கிலிகள் சுருங்கி வீழ்படிவாகும். பாலிகார்பாக்சிலேட்டில் அப்படி நடக்காமல் காப்பது நீரை விரும்பும் அதன் பக்கக்கிளைகள். சிமெண்ட்டின் துளைநீரில் இந்தப் பாலிமர்களின் பயனுறு மின்னூட்டம் எவ்வளவு குறைகிறது என்பதைப் பிளாங்க்கும் சாக்சென்ஹௌசரும் 2009-இல் அளந்தார்கள். ஆலையில் உருவாக்கிய மூலக்கூறும் சிமெண்ட்டுக்குள் வேலை செய்யும் மூலக்கூறும் மின்னூட்டக் கணக்கில் ஒன்றல்ல.

துகள்களை விலக்குவதும் மின்னூட்டம்தான் என்று பலர் இன்னும் நினைக்கிறார்கள். அயனிகள் இவ்வளவு செறிந்த நீரில் மின்விலக்கு விசை ஒரு நானோமீட்டர் அளவிலேயே மங்கிவிடுகிறது. பக்கக்கிளைகளாலான அடுக்கோ சில நானோமீட்டர் தடிமன் கொண்டது. இரண்டு துகள்கள் நெருங்கும்போது அந்த அடுக்குகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளுகின்றன. உச்சிகாவாவும் அவருடைய சகாக்களும் 1997-இல் அணுவிசை நுண்ணோக்கியால் இந்த விசையை நேரடியாக அளந்தார்கள். ஆகவே முதுகெலும்புக்கு ஒரு வேலை, கிளைகளுக்கு ஒரு வேலை. முதுகெலும்பு கால்சியத்தின் வழியே பரப்பைப் பற்ற வேண்டும். கிளைகள் நீருக்குள் நீட்டி நிற்க வேண்டும். மின்னூட்டம் கூடினால் பிடிப்பு உறுதி, ஆனால் கிளைகள் குறையும். கிளைகள் கூடினால் விலக்கு விசை நன்று, பிடிப்போ தளரும். அட்மிக்சர் தயாரிப்பவர்கள் ஒவ்வொரு நாளும் இந்த இரண்டுக்கும் நடுவேதான் அலைகிறார்கள்.

கால்சியம் பரப்பில் தயாராக வைத்திருக்கும் இடத்துக்குப் பாலிமர் மட்டும் வருவதில்லை. சல்பேட்டும் வருகிறது. ஜிப்சத்திலிருந்தும், சிமெண்ட்டில் உள்ள கார சல்பேட்டுகளிலிருந்தும் கரைந்து வரும் சல்பேட் அயனி அதே இடங்களில் ஒட்டக்கூடியது. யமாடாவும் அவருடைய சகாக்களும் 2001-இல் தெளிவாகக் காட்டினார்கள்: நீரில் சல்பேட் கூடும்போது பாலிகார்பாக்சிலேட் பரப்பைவிட்டு நீருக்குத் திரும்புகிறது, கலவை கெட்டிப்படுகிறது. சல்பேட் குறைந்துபோனாலும் ஆபத்துதான். அப்போது அலுமினேட்டுகள் அடுக்கடுக்கான கனிமங்களாக வளர்ந்து பாலிமரை அடுக்குகளுக்குள் விழுங்கிவிடுகின்றன. விழுங்கப்பட்ட பாலிமரால் எந்தப் பயனும் இல்லை.

சைட்டில் நடக்கும் பல சண்டைகளின் வேர் இங்கேதான் இருக்கிறது. நேற்று நன்றாக ஓடிய கலவை இன்று ஓடவில்லை. அட்மிக்சர் கொடுத்தவர் சிமெண்ட்டைக் குறை சொல்வார். சிமெண்ட் கொடுத்தவர் அட்மிக்சரைக் குறை சொல்வார். நடுவில் மேஸ்திரி, வேறு வழியில்லாமல், ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிடுவார். ஒரு பெரிய வேலையில் இப்படி வாரக்கணக்கில் இழுபறி நடந்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு பொருள்களும் தனித்தனியே தரக்கட்டுப்பாட்டில் தேறியவை. இரண்டும் சந்திக்கும் நீரை யாரும் சோதிக்கவே இல்லை. நான் கேட்பது ஒன்றுதான்: கலந்த சில நிமிடங்களில் சிமெண்ட்டும் நீரும் சேர்ந்த குழம்பை வடிகட்டி, வடிநீரில் கால்சியம் எவ்வளவு, சல்பேட் எவ்வளவு, ஒட்டாமல் நின்ற பாலிமர் எவ்வளவு என்று அளக்க வேண்டும். நம் கல்லூரி வேதியியல் ஆய்வகங்களில் இருக்கும் கருவிகளே பெரும்பாலும் போதும்.

பிடிப்பு கெட்டியானால் எல்லாம் நலம் என்றும் எண்ணிவிடக் கூடாது. கால்சியத்தைப் பற்றிக்கொள்ளும் மூலக்கூறு, சிமெண்ட் இறுகத் தேவையான படிகக் கருக்களின் வளர்ச்சியையும் தடுக்கும். கார்பாக்சிலேட் மிகுந்த பாலிமர்கள் செட் ஆவதைத் தாமதப்படுத்துவது இதனால்தான். சிட்ரேட், குளுக்கோனேட் போன்ற சிறு மூலக்கூறுகளைச் செட்டிங் தாமதத்துக்கென்றே சேர்க்கிறோம். கலவையில் கொஞ்சம் சர்க்கரை கொட்டினாலே கான்கிரீட் நாள் முழுதும் இறுகாமல் கிடக்கும் என்பது பழைய மேஸ்திரிகளுக்கும் தெரியும்.

சர்க்கரை என்றதும் நம் ஊர்ச் சுண்ணாம்புக் காரை நினைவுக்கு வராமல் போகாது. கடுக்காய் ஊறவைத்த நீரையும் பனைவெல்லத்தையும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பால் கோயில்களும் செட்டிநாட்டு வீடுகளும் எழுந்தன. சுண்ணாம்புச் சாந்தின் நீரும் அதே சூழல்தான்: 20 மில்லிமோல் கால்சியம், பி.எச். 12.4. கடுக்காயின் டானின்களில் கால்சியத்தைப் பிடிக்கும் ஃபீனால் தொகுதிகளும் கார்பாக்சிலிக் தொகுதிகளும் இருக்கின்றன. வெல்லத்தின் சுக்ரோஸ் சுண்ணாம்பின் கரைதிறனைப் பல மடங்கு உயர்த்துகிறது. இந்தச் சேர்மானங்கள் சாந்தைக் குழைவாக்குகின்றன, பின்னர் கார்பனேட்டாகும் படிகங்களின் வடிவத்தையும் மாற்றுகின்றன. நம் முன்னோர் பாலிகார்பாக்சிலேட்டை அறிந்திருந்தார்கள் என்று மேடையில் முழங்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. கைப்பழக்கத்தால் வந்த அறிவு அது. அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு. அதன் வேதியியலைப் பொறுமையாக அளந்து எழுதுவதுதான் அந்தக் கொத்தனார்களுக்கு நாம் செய்யும் மரியாதை. வேலூரிலும் சென்னையிலும் அப்படிப்பட்ட ஆய்வுகள் நடப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: எங்கள் ஊர் போர்த் தண்ணீர் உப்பும் கடினமும், அதிலுள்ள கால்சியம் அட்மிக்சரைக் கெடுத்துவிடாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் மாற்றுவழி இல்லாதபோது அனுமதிக்கும் உச்சக் கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் கணக்கில். அது முழுவதும் கால்சியம் என்றே கொண்டாலும் 6 மில்லிமோல். சிமெண்ட் தானாகக் கொடுப்பது அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். எனவே அந்தக் கவலை வேண்டாம். அந்தத் தண்ணீரில் கம்பியை அரிக்கும் குளோரைடு எவ்வளவு என்று பாருங்கள். பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

மணலில் வரும் களிமண் வேறு கதை. எல்லாக் களிமண்ணும் ஒன்றல்ல. கோவையிலும் விருதுநகரிலும் பரந்து கிடக்கும் கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் இருக்கிறது, நீர் பட்டால் உப்பும் அடுக்குக் கனிமம். பாலிகார்பாக்சிலேட்டின் பக்கக்கிளைகள் அதன் அடுக்குகளுக்கிடையே நுழைந்து மாட்டிக்கொள்கின்றன. இதை விரிவாக ஆராய்ந்தவர்கள் இங்கும் பிளாங்க் குழுவினர்தான். சிமெண்ட் பிடிப்பதைவிடப் பல மடங்கு பாலிமரை இந்தக் களிமண் எடுத்துக்கொள்ளும். இங்கே இரண்டு வழிகள் ஒன்றாக வேலை செய்கின்றன: களிமண்ணின் வெளிப்பரப்பில் கால்சியம் வழியே ஒட்டுவது ஒன்று, அடுக்குக்குள் நுழைவது இன்னொன்று. முதலாவதில் கார்பாக்சிலேட்டுக்கு வேலை, இரண்டாவதில் கிளைகளுக்கு. ஆற்றுமணல் அருகிப்போய் எம்-சாண்ட் பெருகிவிட்ட நம் மாநிலத்தில், குவாரியின் மேல்மண்ணைச் சரியாக நீக்காமல் நொறுக்கினால் இந்தத் தொல்லை வரும். இந்தக் களிமண்ணைக் காட்டிக்கொடுக்கும் மெத்திலீன் நீலச் சோதனை எளிது, மலிவு. அதை ஒவ்வொரு லோடுக்கும் செய்யச் சொல்லி நான் மன்றாடுவதற்குக் காரணம் இதுதான்.

இனி வரும் சிமெண்ட்டுகளைப் பற்றி. கார்பன் வெளியீட்டைக் குறைக்க வேண்டிய நெருக்கடியில், சிமெண்ட்டின் மூலப்பொருளாகிய கிளிங்கரின் அளவு குறைந்துகொண்டே போகிறது. ஊதுலைக் கசடு, அனல்மின் நிலையச் சாம்பல், சுட்ட களிமண், சுண்ணாம்புக்கல் ஆகியவை அதன் இடத்துக்கு வருகின்றன. சுவிட்சர்லாந்தின் லொசானில் காரன் ஸ்க்ரிவனர் முன்னின்று வளர்த்த எல்சி3 சிமெண்ட்டில் கிளிங்கர் பாதிதான். 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுண்ணாம்புக்கல். சென்னை ஐ.ஐ.டி.யும் இந்த முயற்சியில் பங்கேற்றிருக்கிறது. இந்தக் கலவைகளில் பரப்பும் மாறுகிறது, பரப்பைச் சூழ்ந்த நீரும் மாறுகிறது. சுட்ட களிமண்ணின் பரப்பு பெரியது, எதிர்மின்னூட்டம் மிகுந்தது. அது முதலில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு பாலிமரைக் கேட்கிறது. அட்மிக்சர் தேவை கூடுவதற்கு இது ஒரு காரணம். சாம்பலிலும் ஊருக்கு ஊர் வேறுபாடு. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு மிகுதி, எண்ணூர்ச் சாம்பலில் குறைவு. இரண்டுக்கும் ஒரே அட்மிக்சர் அளவை எழுதிக்கொடுக்கும் கலவை வடிவமைப்பாளரை நான் நம்பமாட்டேன்.

இந்தப் போக்கின் எல்லையில் நிற்பது ஜியோபாலிமர். சோடியம் ஹைட்ராக்சைடும் சோடியம் சிலிகேட்டும் சேர்த்து, சாம்பலிலிருந்து நேரடியாகக் கட்டும் பொருள். சுண்ணாம்பு குறைந்த சாம்பலைக் கொண்டு அதைச் செய்தால் நீரில் கால்சியம் மிகக் குறைவு. பரப்பும் பாலிமரும் எதிர்மின்னூட்டத்தோடு எதிரெதிரே நிற்கின்றன, நடுவில் நிற்க வேண்டிய அயனி இல்லை. போர்ட்லண்ட் சிமெண்ட்டில் சாதனை செய்த பாலிகார்பாக்சிலேட்டுகள் அங்கே பெரும்பாலும் தோற்றுப்போவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். அவ்வளவு கடுங்காரத்தில் சில பாலிமர்கள் சிதைவதும், உப்புச்செறிவில் கரையாமல் போவதும் சேர்ந்துகொள்கின்றன. கால்சியத்தைக் கொஞ்சம் சேர்த்துவிடலாமே என்பார்கள். சேர்த்தால் கலவை சட்டென இறுகிவிடுகிறது. கார்பாக்சிலேட்டுக்குப் பதில் பாஸ்பேட் தொகுதிகளை வைத்துப் பார்க்கிறார்கள். சாதாரணச் சிமெண்ட்டில் அவை சல்பேட்டின் போட்டியை நன்றாகத் தாங்குகின்றன, கால்சியத்தை இன்னும் வலுவாகப் பற்றுகின்றன. கால்சியமே இல்லாத இடத்தில் எதைப் பற்றவைப்பது என்பதுதான் இன்றைய ஆராய்ச்சி மாணவர் எடுத்துக்கொள்ளத்தக்க கேள்வி.

மாணவர்களுக்கு ஒரு சோதனை சொல்லித் தருகிறேன். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நன்றாக அரைத்துக் கழுவிய குவார்ட்ஸ் தூள், நான்கு அளவு உருளைகள், கொஞ்சம் பாலிகார்பாக்சிலேட். இரண்டு உருளைகளில் தெளிந்த சுண்ணாம்பு நீர். மற்ற இரண்டில் அதே பி.எச். வரும்படி செய்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல். காய்ச்சி வடித்த நீரை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். நடுநிலை நீரில் பக்கக்கிளைகளே சிலிக்காவோடு ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டி உங்களைக் குழப்பிவிடும். பி.எச். ஒன்றாக இருந்தால்தான் வேறுபாடு கால்சியத்தால் மட்டும் என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஒவ்வொரு வகையிலும் ஓர் உருளையில் பாலிமர், இன்னொன்றில் இல்லை. குலுக்கி வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், காரம் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. சோடியம் கரைசலில் தூள் கலங்கலாகவே நெடுநேரம் நிற்கும். பாலிமரால் அங்கே சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இராது. சுண்ணாம்பு நீரில் பாலிமர் இல்லாத உருளையில் தூள் திரண்டு விரைவாக அடியில் இறங்கும். பாலிமர் உள்ள உருளையில் கலங்கல் மீண்டும் நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். நுண்சிலிக்கா சுண்ணாம்போடு மெல்ல வினைபுரியத் தொடங்கிவிடும். பிறகு ஐந்தாவது உருளையொன்றில் சுண்ணாம்பு நீர், தூள், பாலிமர் மூன்றையும் வைத்து, சோடியம் சல்பேட்டைச் சிறிது சிறிதாக, ஜிப்சம் படியாத அளவுக்குள், சேர்த்துக்கொண்டே போங்கள். எந்த அளவில் தூள் மறுபடி திரளத் தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை உங்கள் ஊரில் விற்கும் சிமெண்ட்டின் வடிநீரில் அளந்த சல்பேட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்து, கிடைத்ததை எனக்கு எழுதுங்கள்.